அக்காவிடம் சொல்லாதே

கட்டுப்பாட்டு அறைத் திரையில் வந்த படத்தைத் தம்பி இரண்டு தரம் பெரிதாக்கிப் பார்த்தான். அக்காவும் இன்னும் இரண்டு பேரும் பூமிக்குத் திரும்பி வருகிற விண்கலத்தின் அடிப்பக்கம் அது. கலத்தின் வெளியே இருந்த கேமரா அனுப்பியது. புறப்பட்டபோது எதுவோ மோதியிருக்க வேண்டும். வெப்பக் கவசம் ஓரிடத்தில் பாளமாகப் பெயர்ந்து, ஒரு முஷ்டி உள்ளே போகும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

கவசத்தின் வேலை இவ்வளவுதான்: கலம் காற்றுக்குள் பாயும்போது தான் கரிந்து தேய்ந்து, சூட்டைத் தன்னோடு கொண்டுபோக வேண்டும். அது இல்லாத இடத்தில் நெருப்பு நேரே உள்ளே வரும். இது புரியப் பெரிய படிப்பு வேண்டாம்.

"ஒண்ணுமில்லை," என்றார் தலைமை அதிகாரி. எதைக் கேட்டாலும் இதையே சொல்லுவார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே 'ஒண்ணுமில்லை சார்'தான். "தாங்கிடும். கணக்குப் போட்டாச்சு."

"யாரு சார் போட்டது?"

"கவசம் செஞ்சவங்கதான். வேற யாரு போடுவா?"

கடைக்காரனையே கூப்பிட்டுச் சரக்கு நல்லதா என்று கேட்ட கதை.

இறங்க இரண்டு வழி இருந்தது. நீள வழியில் கலம் காற்றில் ஒருமுறை முங்கி எழுந்து மறுபடி இறங்கும். உடம்புக்கு நோவில்லை, ஆனால் கவசம் இரண்டு தரம் வேகும். செங்குத்து வழியில் சூடு கடுமை, ஆனால் சட்டென்று முடிந்துவிடும். நெஞ்சின் மேல் எருமை ஏறி உட்கார்ந்த மாதிரி அழுத்தும்.

"அவங்ககிட்ட சொல்லிடலாம் சார். செங்குத்தா வரட்டும்."

"சொன்னா ஊரே ஏன்னு கேக்கும். பதில் நீ சொல்லுவியா? அவங்களைப் பயமுறுத்தாதே. பேசறது மட்டும்தான் உன் வேலை."

கலத்தில் இருப்பவர்களோடு ஒரே ஒரு ஆள்தான் பேச வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். அன்றைக்கு மைக் தம்பியிடம் இருந்தது. அக்கா தம்பி என்று உறவு கொண்டாடக் கூடாது.

"கேப்டன், எல்லாம் நல்லபடியா இருக்கு. நீங்க நீள வழியிலயே வாங்க," என்றான்.

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அக்காவின் சிரிப்பு.

"என்னடா இவ்வளவு குழையுற? கண்ணாடிய உடைச்சிட்டு அம்மா முன்னாடி நிப்பியே, அதே குரல். என்ன ஆச்சு?"

அதிகாரி அவன் தோளில் கை வைத்தார். வேலை போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும். அது கிடக்கட்டும். சொல்லி, அவள் செங்குத்தாக இறங்கி, நெஞ்சு நசுங்கிப்போனால்? சொல்லாமல் விட்டு, வெந்துபோனால்? மைக்கை வாயருகே இழுத்தான்.

"அக்கா, கவசம் பேந்துருக்கு. முஷ்டி அளவு குழி. தாங்கும்னு இவங்க சொல்றாங்க. நான் நம்பல."

அதிகாரி மைக்கைப் பிடுங்கினார். அதற்குள் பதில் வந்துவிட்டது.

"இதச் சொல்ல இவ்வளவு நேரமா, கழுதை! செங்குத்தாவே இறங்குறோம். வைக்கிறேன்."

அப்புறம் சத்தமே இல்லை. நெருப்பு கலத்தைச் சூழ்ந்தால் பேச்சு வராது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன? தம்பியின் சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. குழியின் உள்ளே நெருப்பு நாக்கு நீட்டி நக்குவதும், அக்காவின் காலடியில் தகடு சிவப்பதும் கண்ணை மூடினாலும் தெரிந்தது. குரல் வர வேண்டிய நேரம் வந்தது, போனது. அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இரைச்சலுக்குள் இருமல் கேட்டது.

"வந்துட்டோம்... விலா எலும்பு போச்சுடா... மூணு பேரும் இருக்கோம்."

அறையே எழுந்து கத்தியது. எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் அதிகாரிதான். "ஒண்ணுமில்லைன்னு சொன்னேனா இல்லையா?"

கலத்தைக் கொண்டுவந்து கொட்டகையில் கவிழ்த்தபோது தம்பி போய்ப் பார்த்தான். குழி இப்போது சோற்றுப்பானை அகலம். அதன் அடியில் தகடு நீலம் பாரித்திருந்தது. விரலால் அழுத்தினான். தாள் மாதிரி அமுங்கியது. விரலைச் சுட்டுக்கொண்டவன்போல் இழுத்துக்கொண்டான்.

அந்தப் பக்கம் அதிகாரி, அடுத்த பயணத்துக்குப் போகிறவர்களுக்கு அதே குழியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா, இவ்வளவு பெரிய அடி பட்டும் தாங்கிருக்கு. உங்களுக்கும் இதே கவசம்தான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு பெண் மட்டும் தம்பியின் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க. தாங்குமா?"

"ஏறாதீங்க," என்றான் தம்பி.