சமபந்தியில் ஒரு பெயர்

ராஜாவின் தலை உருண்ட மறு ஆண்டு கோடையில், பாரிசில் தெருவுக்குத் தெரு சமபந்தி நடந்தது. வீட்டு மேசைகளைத் தெருவில் வரிசையாகப் போட்டு, எசமானும் வேலைக்காரியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எங்கள் தெருவில் பத்திரம் எழுதும் அன்செல்ம் தவியோதான் முதல் ஆளாக மேசையை இறக்கினார். சமத்துவம் பற்றி மூன்று துண்டுப் பிரசுரம் போட்டவர், சும்மா இருப்பாரா? அதோடு, புரட்சிக்கு விசுவாசமானவர் என்று பேட்டைக் குழு தரும் நற்சான்றிதழுக்கும் மனுப் போட்டிருந்தார். அது கிடைக்காவிட்டால் தொழில் போய்விடும். அந்த நாட்களில் கழுத்துக்கும் உத்தரவாதம் இல்லை.

வேலைக்காரி நிக்கோலைத் தன் வலப்பக்கம் உட்கார வைத்தார். அவள் கோப்பையில் தானே ஒயின் ஊற்றினார். நாலு பேர் பார்க்கட்டும் என்று கொஞ்சம் உயர்த்தியே ஊற்றினார். அவளோ முள்மேல் உட்கார்ந்ததுபோல் நெளிந்தாள்.

பேட்டைக் குழுத் தலைவர் பூர்தேன் பதிவேட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார். செருப்புத் தைக்கிறவர்.

“தவியோ, உன் வீட்டுல இருக்கிற ஒருத்தர் சாட்சி சொல்லணுமே.”

“இதோ, என் சகோதரி நிக்கோல். பதினோரு வருசமா எங்கூட இருக்கா. எழுதிக்கங்க தலைவரே.”

“முழுப் பேரு?”

தவியோ வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

“மத்யூரின் லெகோ,” என்றாள் அவள் மெதுவாக.

பூர்தேன் பேனாவை நிறுத்தினார். “அப்ப நிக்கோல் யாரு?”

“கூடப் பொறந்தவ பேரே தெரியாத அண்ணனாப்பா நீ!” என்று தண்ணீர் சுமக்கிறவன் ஒருவன் போட்ட போட்டில் மேசையே சிரித்தது. பூர்தேன் மட்டும் சிரிக்கவில்லை.

தவியோவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வேலைக்கு வந்த அன்று அவள் மூட்டையைக்கூட இறக்கவில்லை. ‘முன்னால இருந்தவ நிக்கோல். நாக்குக்குப் பழகிப்போச்சு. நீயும் நிக்கோலாவே இருந்துடு’ என்று சொன்னது அவர் வாய்தான். அதற்குப் பிறகு அவள் பெயரை அவர் கேட்டதே இல்லை. காதுவரை சுட்டது. பயத்தைவிட வெட்கம்தான் பிடுங்கித் தின்றது.

“பயப்படாம சொல்லும்மா,” என்றார் பூர்தேன். “இந்தாளு உன்னைச் சமமா நடத்துறானா?”

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் கதை முடிந்தது.

“நாந்தான் அப்படிக் கூப்பிடச் சொன்னேன். எம் பேரு எனக்கே பிடிக்காது. நல்லாத்தான் வெச்சிருக்காரு.”

பூர்தேன் பதிவேட்டில் அவள் சொன்ன பெயரை எழுதினார். பிறகு கையெழுத்துப் போட்டார். தப்பித்தோம் என்று தவியோவுக்குச் சந்தோஷம் வரவில்லை. தன்னிடம் பெயரைப் பறிகொடுத்தவள் போட்ட பிச்சை அது.

பந்தி கலைந்தது. மேசையின் ஒரு முனையை அவரும் மறுமுனையை அவளுமாகப் பிடித்து வீட்டுக்குத் தூக்கினார்கள்.

“எனக்காக எதுக்குப் பொய் சொன்னே?”

“உங்களுக்காகன்னு யாரு சொன்னா? நீங்க உள்ள போயிட்டா எனக்கு வேலை ஏது?”

அவர் தலை குனிந்தார். “இனிமே உன்னை மத்யூரின்னே கூப்பிடட்டுமா?” குரல் கெஞ்சியது.

“வேணாங்க ஐயா. அந்தப் பேரைச் சொல்லி இன்னிவரைக்கும் யாரும் என்னைப் பாத்திரம் கழுவச் சொன்னதில்ல. அது ஒண்ணாவது எங்கிட்டயே இருக்கட்டும். நீங்க நிக்கோல்னே கூப்பிடுங்க. படி வருது, பாத்துத் தூக்குங்க.”