வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் போக வேண்டிய மெயில்

புதன்கிழமை தோறும் எனக்கு ஒரு மெயில் வரும். ஆபீசில் மெயில் சாஃப்ட்வேர் பயன்படுத்துகிறவர்களுக்கு உதவியான குறிப்புகள், புதுச் செய்திகள் என்று எந்த ஊரிலிருந்தோ யாரோ எழுதி அனுப்புவார்கள். ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் கடிதப் போக்குவரத்து பார்க்கிற கரோலின் நான். எங்கள் செக்‌ஷனில் மற்றவர்கள் அதைத் திறக்காமலே அழித்துவிடுவார்கள். நான் பிரிண்ட் எடுத்து ஃபைலில் கோத்து வைப்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

அந்தக் குறிப்புகளைப் படித்தால் எனக்குப் பகலிலேயே கனவு வரும். இன்னாரிடமிருந்து வருவதெல்லாம் தானாகவே தனி ஃபோல்டருக்குப் போகும்படி ஒரு விதி போடலாமாம். அம்மாவின் கல்யாணப் பேச்சுக்கு அப்படி ஒரு விதி இருந்தால் எவ்வளவு நிம்மதி! பெயரில் இரண்டு எழுத்து தட்டினால் போதும், மீதி முகவரியை அதுவே நிரப்பிக்கொள்ளுமாம். நான் ‘கோ’ என்று தட்டுவேன். கோதண்டராமன் வந்து நிற்பார்.

அவர் எங்கள் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தார். 2002 ஏப்ரலில் மூன்று மாதப் பயிற்சிக்கு இத்தாலி போனார். தினமும் ஒரு மெயில், ஆங்கில எழுத்தில் தமிழ். தோல் சாம்பிளின் நிறம் பற்றி இரண்டு வரி, அந்த ஊர் மழை பற்றிப் பத்து வரி. படித்துக்கொண்டே இருப்பேன். பக்கத்து ஹாலின் தையல் மிஷின் சத்தமெல்லாம் எங்கோ போய்விடும். நனைந்த கல் தெருவில் குடை இல்லாமல் அவரோடு நடந்துகொண்டிருப்பேன். மேஜையில் டீ ஆடை கட்டி ஆறிப்போகும்.

ஜூன் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி எழுதினார்: “இங்கேயே ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையெழுத்துப் போடணும். நீங்க வரச்சொன்னா வந்துடறேன், கரோலின்.”

தினமும் வேலூருக்குப் பஸ்ஸில் போய் வந்து நர்ஸ் வேலை பார்க்கும் அம்மா, சர்ச்சிலேயே ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். கோதண்டராமன் நெமிலிப் பக்கம், பெருமாள் கோயில் குடும்பம். நான் பயந்துவிட்டேன். அதற்கு வேறு பெயர் இல்லை.

வியாழன் சாயங்காலம் எழுதினேன்: “அங்கேயே இருங்க. நல்ல சான்ஸ். என்னைப் பத்தி யோசிக்காதீங்க.” எழுத முடிந்ததே தவிர, அனுப்பும் பட்டனை அழுத்தக் கை வரவில்லை. அப்போதுதான் அந்த வாரத்துக் குறிப்பு நினைவுக்கு வந்தது. மெயிலை இப்போதே எழுதி, நாம் சொல்லும் நேரத்துக்குத் தானாகப் போகும்படி வைக்கலாம். வெள்ளி காலை பத்து மணி என்று போட்டேன். அந்த நேரத்தில் நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன். நான் அனுப்பியதாக ஆகாது. கோழைக்கென்றே எழுதிய குறிப்பு! கம்ப்யூட்டரை அணைத்து, உறையைப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பத்து மணிக்கு மாடியில் ஈரப்புடவையைப் பிடித்தபடி நின்றேன். மெயில் கிளம்பிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. மலையைத் தாண்டுகிறது, கடலைத் தாண்டுகிறது, மழை பெய்யும் அந்தத் தெருவில் இறங்கி அவர் கதவைத் தேடுகிறது. புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

மதியம் மசூதியிலிருந்து ஜும்மா பாங்கு கேட்டது. கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அப்போதுதான் உறைத்தது. இன்று ஆபீஸ் பூட்டியல்லவா கிடக்கிறது! எங்கள் கம்பெனிக்கு வெள்ளிதான் லீவு. ஞாயிற்றுக்கிழமை நான் விடியற்காலை ஆராதனை முடித்துவிட்டு நேராக வேலைக்குப் போகிறவள். வெள்ளிக்கிழமை மூடிக்கிடக்கும் ஆபீசைக் குறிப்பு எழுதியவர் கண்டாரா? கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால்தானே மெயில் போகும்? நானே என் கையால் அணைத்துவிட்டு வந்திருக்கிறேன். அது போகவே இல்லை.

“ஸ்தோத்திரம்!” என்று கத்திவிட்டேன். மாடியில் தனியாக நின்று சிரித்தேன். இவ்வளவு சந்தோஷப்படுகிறவள் எந்த முகத்தோடு அவரை அங்கேயே இருக்கச் சொன்னாள்?

ஆனால் சாயங்காலம் அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். அவர் தங்கியிருந்த இடத்தின் போன் நம்பர் என்னிடம் இல்லை. பிரவுசிங் சென்டருக்குப் போனாலும் அவருடைய முகவரி எனக்குத் தெரியாது. மூன்று மாதமாக ‘கோ’வுக்கு மேல் நான் தட்டியதே இல்லை! செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனிக்கு ஓடினேன்.

கேட்டில் வாட்ச்மேன் வேலு மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“இன்னாம்மா, லீவு நாள்ல வந்திருக்கீங்க?”

“ஆபீஸைத் தொறங்கண்ணே. ஒரு மெயில் அனுப்பணும்.”

“மேனேஜரு தொழுகைக்குப் போயிருக்காரு. கேக்காம தொறந்தா எனக்கில்ல பேஜாரு?”

“நாளைக்கு நானே அவர்கிட்ட சொல்லிடறேன். உங்க மேல எதுவும் வராது.”

என் முகத்தைப் பார்த்தார். சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

முதலில் போன் ஒயரைப் பிடுங்கினேன். லைன் இருக்கும்போது திறந்தால், நேரம் தாண்டிய மெயில் அந்த நிமிஷமே போய்விடும். பிறகுதான் கம்ப்யூட்டரைப் போட்டேன். அவுட்பாக்ஸில் அது அப்படியே இருந்தது. அழித்தேன். ‘கோ’ என்று தட்டி, “வந்துடுங்க” என்று எழுதினேன். போதவில்லை. “நீங்க எனக்கு வேணும். அம்மாகிட்ட நானே சொல்றேன்” என்று சேர்த்தேன். ஒயரைச் செருகினேன். மோடம் கத்தி ஓய்ந்ததும் என் விரலால் அழுத்தினேன். அவுட்பாக்ஸ் காலியானது.

“ரொம்ப அர்ஜெண்ட் ஷிப்மெண்டாம்மா?” என்றார் வாசலில் நின்ற வேலு.

“ஷிப்மெண்ட் இல்லண்ணே. என் கல்யாண விஷயம்.”

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. வெயில் கொளுத்தும் காலியான தெருவில் மிதந்துகொண்டே நடந்தேன். அம்மா டூட்டி முடிந்து நாலரை மணி பஸ்ஸில் வருவார். வீட்டுக்கு வந்து காபி குடிக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் நான் சொல்லவே மாட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போய், வேலூர் பஸ் வந்து நிற்கும் இடத்தில் நின்றுகொண்டேன்.