அகச்சிவப்பு

இடது கண்ணுக்குள் டப் என்று ஒரு சத்தம் கேட்டது. வலியே இல்லை. சுந்தரேஷ் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, நெற்றிக்கு ஏற்றியிருந்த பாதுகாப்புக் கண்ணாடியை ஒழுங்காக இறக்கி மாட்டிக்கொண்டான். இனி மாட்டினால் என்ன, மாட்டாவிட்டால் என்ன.

அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாது. எங்கே விழுகிறது என்று பார்க்க ஓர் அட்டையை நீட்ட வேண்டும். பட்ட இடத்தில் மங்கலாக ஒரு புள்ளி மினுங்கும். கண்ணாடி போட்டால் அந்தப் புள்ளியும் தெரியாது. அதனால் தில்லியின் அந்த ஆய்வகத்தில் எல்லோருமே ஒரு நிமிடம் கண்ணாடியைத் தூக்கிவிடுவார்கள், பேராசிரியர் ராமசுப்ரமணியன் உட்பட. இன்று கதிர் திருப்புளியில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பியது இவன் தலையெழுத்து.

அயனியும் மூலக்கூறும் மோதும் கணத்தில் லேசரைப் பாய்ச்சினால், எந்தப் பிணைப்பு அறுபட வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. கல்யாணமான நாளிலிருந்து மனைவி மாதங்கி இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள். இத்தனை வருடம் மசியாத அந்த வேதிவினை, கண்ணில் பட்ட சற்று நேரத்தில் மசிந்தது. லேசரைப் போட்டால் திரையில் புதிய அயனியின் கோடு எழுந்தது, அணைத்தால் படுத்தது. வலது கண்ணால் பார்த்தான். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, சந்தோஷம்தான் வரவில்லை. விபத்து என்று வாயைத் திறந்தால் ஆய்வகத்துக்குப் பூட்டு விழும், எல்லாம் பாதியில் நிற்கும். ஆஸ்பத்திரிக்குப் போகாமல், மாலை வரை அளந்து அளந்து ஃபிளாப்பியில் பதிந்துகொண்டிருந்தான்.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் மாதங்கி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அரசு வேலை அவளுக்கு, வீடும் அவள் பேரில். உள்ளே வந்தவன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

"எதுக்கு ஒத்தக் கண்ணால பாக்கறேள்?"

"நடுவுல தேதியே இல்ல." தன் குரலே யாரோ பேசுவது போலிருந்தது அவனுக்கு. "கார்த்தால லேசர் பட்டுடுத்து."

"கார்த்தாலயா? ஏன் டாக்டர்ட்ட போகல?"

"ரிசல்ட் வந்துண்டிருந்தது."

கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. "செருப்பப் போடுங்கோ, ஆட்டோ பிடிக்கலாம், ஜல்தி" என்றவள் கிளம்பவில்லை. எதிரே வந்து, அவன் பொத்தியிருந்த கையை எடுக்க விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"என்னப் பாருங்கோ."

பார்த்தான். புடவை தெரிந்தது, தோளில் பின்னல் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சுவரின் நிறத்தில் ஏதோ கலங்கலாக இருந்தது.

"இல்ல" என்றான்.

"கண்ண அசைக்காதீங்கோ." மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தாள். "இங்க?" இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். "இங்க?"

பார்வையின் விளிம்பில் முதலில் ஒரு தோடு வந்தது. பிறகு காது. பிறகு கன்னம், அதில் ஏதோ பளபளத்தது. மாதங்கி அங்கேயே நின்றுவிட்டாள். திரும்பினால் மறைந்துவிடுவாள் என்று தெரிந்து, சுந்தரேஷ் எதிரேயிருந்த வெறும் சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றான்.