முதுகு சொறிந்த வீடுகள்

தெருமுனை மாடி வீடு விளக்குக் கம்பத்தில் முதன்முதலாக முதுகு சொறிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால்காரர் வந்துபோன கொஞ்ச நேரத்தில். அஸ்திவாரத்தை விட்டு நகரவில்லை. இடுப்புக்கு மேலே மட்டும் சாய்ந்து, பின்சுவரைக் கம்பத்தில் கொடுத்து, எருமை மரத்தில் உரசுவதுபோல மேலும் கீழும் உரசியது. உள்ளே பல் துலக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் வாயில் நுரையோடு கூடத்துக்கும் அடுக்களைக்கும் இரண்டு தடவை சறுக்கிப் போய்வந்தார். அரிப்பு அடங்கியதும் வீடு நிமிர்ந்து நின்றுகொண்டது. ஒரு கீறல் இல்லை. அடுத்த வாரம் மருந்துக்கடை நெளிந்தது. அப்புறம் தையல்காரி வீடு, பள்ளிக்கூடத்தின் கிழக்குச் சுவர். கம்பமோ மரமோ கிட்டாத வீடுகள் ஒன்றையொன்று சொறிந்துவிட்டன. மதில் தகராறில் வருஷக்கணக்காக முகம் பார்க்காத இரண்டு குடும்பங்கள், தங்கள் வீடுகளே இப்படி ஒட்டி உறவாடுவதைப் பார்த்து வெட்கப்பட்டுப் பேச ஆரம்பித்ததும் அந்த மாதத்தில்தான்.

அத்தனையும் பட்டுக்கை என்ற கொத்தனார் கட்டிய வீடுகள். அவருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மற்றவர்கள் மட்டப்பலகையால் தேய்த்துவிட்டுப் போகும் பூச்சை, அவர் கரண்டியைக் கீழே வைத்து, ஈரம் காய்வதற்குள் வெறும் உள்ளங்கையால் தடவித் தடவி முடிப்பார். அவர் பூசிய சுவரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கும் என்பார்கள். சாயங்காலம், கரண்டி கழுவிய வாளித் தண்ணீரிலேயே கையையும் கழுவிக்கொள்வார். அந்தத் தொழிலில் எல்லாருக்கும் அதுதான் பழக்கம். இளமை முழுக்க ஒன்றும் ஆகவில்லை. திடீரென்று ஒரு வருஷம் விரலிடுக்கில் நமைச்சல் எடுத்தது. கொப்புளம் வந்தது, தோல் வறண்ட ஏரியாக வெடித்தது. சூடு என்றார். சோப்பு என்றார். கத்திரிக்காயின் மேல் பழியைப் போட்டு அதைச் சாப்பிடுவதை நிறுத்தினார். கத்திரிக்காய் ஒரு பாவமும் அறியாது.

முதலில் கண்டுபிடித்தவள் அவர் மனைவி. கல்யாணமான நாள் முதல் அவருக்குச் சித்தாளாகக் கலவை போட்டுக் கொடுத்தவள்.

“நீங்க சொறியற நேரமும் வீடுங்க சொறியற நேரமும் ஒண்ணா இருக்கு. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள்.

“வீட்டுக்கு அரிப்பு வருமாடி?”

“கட்டினவருக்கு வந்தா கட்டினதுக்கு வராதா? ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.”

அவள் அவசரப்பட்டதற்குக் காரணம் உண்டு. ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுத்தபின் அப்போதுதான் அவர்கள் தங்களுக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். முன்சுவர்ப் பூச்சு ஒன்றுதான் பாக்கி. நிறைமாதமாக இருந்த மகள் பிள்ளையோடு வரப்போவது அந்த வீட்டுக்கு. அந்தச் சுவரைத் தன் வெறும் கையால்தான் முடிப்பேன் என்று அவர் ஒதுக்கி வைத்திருந்தார். தொட்டில் ஆடலாம், வீடு ஆடக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க டாக்டரம்மா அவர் முதுகில் சின்னச் சின்னச் சதுரமாக மருந்துப் பட்டைகள் ஒட்டி அனுப்பினார். மறுநாள் விடிந்தபோது அவர் கட்டிய எல்லா வீடுகளின் பின்சுவரிலும் அதேபோல வெள்ளைச் சதுரங்கள் இருந்தன. பிரிக்கும் நாளன்று டாக்டரம்மா அவர் முதுகைப் பார்த்தார், தெருவில் இறங்கி மருந்துக்கடையின் முதுகையும் பார்த்தார். இரண்டிலும் ஒரே சதுரம் சிவந்து தடித்திருந்தது.

“சிமெண்ட்டுல இருக்கற குரோமியம் உங்களுக்கு ஒத்துக்கல. இனிமேலும் ஒத்துக்காது. ஈர சிமெண்ட் கையில படாம பாத்துக்கிட்டா வேலை செய்யலாம். இல்லேன்னா வேலையை விட்டுடணும். நல்ல தண்ணில கை கழுவுங்க, களிம்பு போடுங்க, உறை மாட்டுங்க” என்றார்.

“உறை போட்டுக்கிட்டுச் சுவரைத் தடவறது, கம்பளியைப் போத்திக்கிட்டுக் குழந்தையைக் கொஞ்சற மாதிரிங்க” என்று பட்டுக்கை வருத்தப்பட்டார்.

ஆனாலும் வேறொருவர் வீட்டு வேலைக்கு உறையோடுதான் போனார். அன்று சாயங்காலம் ஊரே குலுங்கியது. பள்ளிக்கூடம் மணியைத் தானே அடித்துக்கொண்டது. கை பழுத்துச் சிவந்து வீட்டுக்கு வந்தவர், “பாத்தியா? உறையாவது மண்ணாவது!” என்று வீசினார். மனைவி அதை எடுத்து உள்பக்கத்தை வெளியே திருப்பினாள். சாம்பல் நிறக் குழம்பு வழிந்தது. வழக்கம்போல வாளியில் கை முக்கி, ஈரத்தோடு உறைக்குள் நுழைத்திருக்கிறார்.

“கையை என்ன ஊறுகாயா போட்டீங்க?” என்று கேட்டுவிட்டு, சிரிப்பு தாங்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து வேலையிடத்தில் கைக்கென்று தனிக் குடம் வைத்தாள். அதில் கரண்டியைக் கொண்டுவந்த பெரிய மேஸ்திரியையே விரட்டினாள். கை கழுவி, துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் உறை, அதுவும் முழங்கை வரைக்கும். கை ஆறத் தொடங்கியது, வீடுகளும் அமைதியாயின. ஆனால் தன் வீட்டு முன்சுவருக்கு மட்டும் அவர் உறை மாட்டமாட்டேன் என்று இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மகள் வந்தாள். அப்பாவின் உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

“இது தாத்தா கையா, உப்புத்தாளான்னு பிள்ளை கேட்டா என்னப்பா சொல்லட்டும்?”

அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவினார், துடைத்தார், காயும்வரை காற்றில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். உறையை மாட்டி, அந்தி சாய்வதற்குள் முன்சுவரை முடித்தார். ஈ வழுக்கவில்லை; சுவர் ஆரஞ்சுத் தோல் மாதிரி லேசாகப் பொரிந்திருந்தது. பட்டுக்கை பருத்திக்கை ஆகிவிட்டார் என்று மற்றக் கொத்தனார்கள் கிண்டல் செய்தார்கள். மறுநாள் தெருவே திரண்டு வந்து பார்த்தது. வீடு நெளியவில்லை. மனைவி சுவரில் காது வைத்துக் கேட்டாள். “சமத்து” என்று தட்டிக்கொடுத்தாள்.

பேத்தி பிறந்தபோது அவர் கை மெத்தென்று ஆகியிருந்தது. ஊரில் எல்லா வீடுகளும் குணமாகிவிட்டன, தெருமுனை வீட்டைத் தவிர. அதற்கு அரிப்பு போய்விட்டது, ருசி போகவில்லை. தினமும் அந்தி நேரத்தில் கம்பத்தில் சாய்ந்துகொள்ளும். மின்சார ஊழியர்கள் கம்பத்துக்குப் பழைய மெத்தை ஒன்றைச் சுற்றிவிட்டார்கள். பேத்தியோ அசையாத வீட்டில் தூங்கமாட்டேன் என்று அழுதாள். அதனால் பட்டுக்கை சாயங்காலமானால் அவளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெருமுனைக்குப் போவார். வீட்டுக்காரர் காப்பித் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, “உள்ள வாங்க, இப்பதான் ஆரம்பிக்குது” என்று கதவைத் திறந்துவிடுவார்.