மார்லிஸ் எழுதிய அறைகள்

மார்லிஸ் டோர்கெல்சன் ஒரு நாவலை முடிக்கும்போதெல்லாம் அவள் வீட்டில் ஓர் அறை கூடிவிடும். மினசோட்டாவில், ஹால்வர் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. முதல் அறை அவளுடைய முப்பத்தொன்றாம் வயதில், பனி உருகாத ஒரு மார்ச் காலையில், சமையலறைக்குப் பின்னால் ஜன்னலும் திரைச்சீலையுமாக வந்து நின்றது. அவள் கணவன் டுவெயின் உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கும் சேத்து ஹீட்டர் போடணுமா?" என்று மட்டும் கேட்டான்.

அந்த நாவலில் அவள் தன் அண்ணன் ஆர்லனை எழுதியிருந்தாள். அப்பாவின் அடக்கத்துக்கு வராமல் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த மகன். பெயரை மாற்றியிருந்தாள், ஊருக்குத் தெரியாதா? பால் லாரி ஓட்டும் ஆர்லன் அவளைக் கடைவாசலில் நிறுத்தி, "நல்லாத்தான் எழுதியிருக்கே. இனிமே என்கூடப் பேசாதே" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம். அவளுக்கு இரண்டு பரிசுகள் கிடைத்தன, கல்லூரியில் வேலை கிடைத்தது, ஐந்து அறைகள் வந்தன. ஒன்றின் ஜன்னலுக்கு வெளியே மட்டும் எப்போதும் மழை பெய்தது. தூக்கம் வராதவர்கள் கேட்டுக்கொண்டு வந்து அங்கே படுத்தார்கள்.

ஐம்பது வயதில் அதே அடக்க நாளை மறுபடி எழுத உட்கார்ந்தவளுக்கு, படகில் இருந்தவன் என்ன நினைத்தான் என்று ஒரு வரியும் ஓடவில்லை. ஏரியைச் சுற்றிக் காரோட்டிப்போய் ஆர்லனின் கதவைத் தட்டி, அன்று ஏன் வரவில்லை என்று கேட்டாள்.

"சாகறதுக்கு முன்னாடி அப்பாதான் சொன்னாரு," என்றான் அவன். "என்னை அடக்கம் பண்ற அன்னைக்கு எல்லாரும் சர்ச்சுல இருப்பாங்க, நீயாவது போய் என் தூண்டிலைப் போடுன்னாரு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்டே? எழுதிட்டே."

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு நான்கு வருடம், ஞாயிறுதோறும் போய்க் கேட்டுக் கேட்டு எழுதினாள். நாவல் முடிந்த அன்று அவள் வீட்டில் எந்த அறையும் வரவில்லை. மறுநாள் ஆர்லன் போன் செய்தான்.

"மார்லி, உன் ரூம் ஒண்ணு வழி தவறி இங்க வந்துருச்சு. தண்ணிய பாத்த மாதிரி."

"தவறியெல்லாம் வரல. வச்சுக்கோ."

"சுவரெல்லாம் வெறும் மரமா இருக்கு. பிரஷ் எடுத்துட்டு வா."

அந்தச் சனிக்கிழமை இருவரும் அதற்கு மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். ஏரிக் காற்றில் ஈரம் அதிகம். காய இரண்டு நாள் ஆனது.