நூற்றெண்பது பொத்தான்கள்

தையல் கடைக்குள் அவசரம் புயலாய் நுழைந்தான். துணி வெட்டும் அவனுக்குத் தெருவே சூட்டிய பெயர் அது. கையில், வயிற்றுப் பிள்ளைக்குக் குறை இருக்கும் வாய்ப்பைக் கணிக்க மனைவிக்கு எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவுகள் இரண்டு. ஒன்று, மூத்த பெண் வயிற்றில் இருந்தபோது எடுத்தது. மற்றது, இன்று காலை வந்தது.

"அப்போ நாலாயிரத்துல ஒண்ணு. இப்போ நூத்தியெண்பதுல ஒண்ணு! எப்படிச் சரிஞ்சிருக்கு பாரு. 'அதிக வாய்ப்பு'ன்னு கொட்டை எழுத்துல வேற போட்டிருக்கான்."

காஜா எடுத்துக்கொண்டிருந்த அவன் அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். "ரத்தமே கெட்டுப்போச்சுடா. நாலு பேருக்குத் தெரியறதுக்குள்ள கலைச்சிடுங்க."

மூன்று மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி அங்கேயே பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை ஏழு வருடக் குடித்தனத்தில் படித்தவள் அவள். காகிதங்களைப் பிடுங்கிக்கொண்டு நேரே மருத்துவமனைக்கு நடந்தாள். அவனும் பின்னாலேயே ஓடினான்.

நர்சம்மா சிரித்தார். "இது என்ன மார்க் ஷீட்டா, ஏறுச்சு இறங்குச்சுன்னு பார்க்க? அப்போ உங்களுக்கு இருபத்தொன்பது வயசு, இப்போ முப்பத்தஞ்சு. வயசு ஏறினாலே வாய்ப்பும் கூடும்; ரத்தத்துல பார்க்கிற அளவுகளும் கர்ப்பத்துக்குக் கர்ப்பம் மாறும். குழந்தைக்குக் குரோமோசோம் கோளாறு இருக்குன்னு இதுல எங்கேயும் எழுதலையே! உறுதியாத் தெரியணும்னா அடுத்த மாசம் பனிக்குடத் தண்ணி எடுத்துப் பார்க்கலாம். அதுல சின்ன ஆபத்தும் இருக்கு. யோசிச்சு நீங்கதான் சொல்லணும்."

கடைக்குத் திரும்பியதும் அவள் ஒரு டப்பாவில் நூற்றெழுபத்தொன்பது வெள்ளைப் பொத்தான்களைப் போட்டாள். கூடவே ஒரு சிவப்பு.

"கண்ணை மூடிட்டு ஒண்ணு எடுங்க, அண்ணி," என்று நாத்தனாரிடம் நீட்டினாள்.

வெள்ளை. திரும்பப் போட்டுக் குலுக்கி எடுத்தாள். வெள்ளை. பத்தாவது தடவையும் வெள்ளை! அவசரம் வெட்ட வந்த துணியை மறந்து, பந்தயம் பார்ப்பவன்போல் கத்தினான். "இன்னொண்ணுக்கா, இன்னொண்ணு!"

"சிவப்பு வரவே வராதுன்னு நான் சொல்லல," என்றாள் மனைவி. "வந்துடுச்சுன்னு யார் சொன்னது? பார்த்துத் தெரிஞ்சுக்குவோம். அதுவரைக்கும் இது என் பிள்ளை. தெரிஞ்ச பிறகும் என் பிள்ளைதான்."

அடுத்த மாதம் பனிக்குட நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசி அலறியது. மூவரும் ஒருசேரப் பாய்ந்தார்கள். மனைவி கேட்டாள், உட்கார்ந்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். "தேடிப் பார்த்த கோளாறு எதுவும் இல்லையாம்!"

அவசரம் அளவு நாடாவைத் தூக்கி வீசிக் குதித்தான். அக்கா கண்ணைத் துடைத்தாள். "என் பேச்சைக் கேட்டிருந்தா என்னடா ஆகியிருக்கும்?"

அவன் குதிப்பதை நிறுத்தினான்.

"மூத்தவளுக்கு எடுத்த அளவை வெச்சு இளையதுக்குச் சட்டை வெட்டப் பார்த்தேன்க்கா. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் கணக்கு தனி. வாய்ப்புன்னு எழுதினதைத் தீர்ப்புன்னு படிச்சது நம்ம தப்பு. கேட்டுத் தெரிஞ்சுக்காம யாரும் கத்தரியைத் தூக்கக் கூடாது."