பன்னிரண்டாவது ஆள்

ஒரு செருப்பு வாசலிலும் மற்றொன்று கூடத்திலுமாகக் கழன்று விழ, ஆய்வுக்கூடத்து அட்டை கழுத்தில் ஆட, மகள் உள்ளே ஓடி வந்தாள்.

"அம்மா, அப்பா முழிச்சிருக்காரா?"

"கண்ணைத் திறக்கல. கூப்பிட்டா 'ம்'ங்கறார்." அம்மா ஈரப் பஞ்சால் அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். "டாக்டர் இப்பதான் போனார். இன்னைக்குத் தாண்டாதாம்."

மகள் கட்டிலருகே மண்டியிட்டாள். ஓடி வந்ததில் அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"அப்பா, அடிச்சிருச்சுப்பா!"

மூடிய இமைகளுக்குள் விழிகள் அசைந்தன.

நோயை எதிர்க்க ரத்தத்தில் ரோந்து சுற்றும் கொல்லிச் செல்கள் ஒவ்வொரு செல்லையும் தொட்டுப் பார்க்கும். அதன் மேற்பரப்பில் 'நம்ம ஆள்' என்று காட்டும் மூலக்கூறு இருந்தால் விட்டுவிடும். அப்பாவின் புற்றுநோய்ச் செல்கள் அந்த மூலக்கூற்றைத்தான் உடம்பெல்லாம் போர்த்திக்கொண்டு திரிந்தன.

இதை மகள் விளக்கிய அன்றே கால்பந்து நடுவரான அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. இறுதிப் போட்டி ஒன்றில், அணியின் சட்டையோடு பன்னிரண்டாவது ஆளாக நடுவில் புகுந்த ஒருவனைப் பாதி ஆட்டம் வரை விளையாட விட்டவர் அவர். வீட்டில் அவருக்குப் பெயரே 'பன்னெண்டு'.

"என்னை மாதிரியே அந்தக் கொல்லியும் சட்டையைப் பார்த்து ஏமாந்திருக்கான்," என்று சிரித்து, தன் கட்டியின் துண்டை ஆய்வுக்குக் கொடுத்தார். "எனக்கு உதவாதுன்னு தெரியும் பாப்பா. அந்தத் திருட்டுப் பயலை வெளியே அனுப்புறதை மட்டும் ஒரு தடவை காட்டிடு."

இனி காட்ட முடியாது. நுண்ணோக்கியில் எடுத்த படத்தை மகள் போனில் ஓடவிட்டாள். அவர் காதருகே குனிந்தாள்.

"சட்டையை மருந்தால மூடிட்டோம்ப்பா. கொல்லி வலது பக்கம் வர்றான். முதல் செல்லைத் தொடறான்... நல்ல செல், விட்டுட்டான். அடுத்தது உங்க பய!"

"சட்டை?" உதடு மட்டும் அசைந்தது.

"தெரியல! ஆனா சட்டை இல்லைங்கறதுக்காக மட்டும் அடிச்சிட மாட்டான்ப்பா. திருட்டு முழியையும் பார்க்கணும். கெட்ட செல்லைக் காட்டிக்கொடுக்க மேல்புறத்துல வேற மூலக்கூறு இருக்கு. தடவுறான்... தடவுறான்..."

"பார்த்தானாடி?" அம்மா பஞ்சைக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். "சீக்கிரம் சொல்லு! எண்ணத் தெரியாத மனுஷனைக் காக்க வைக்காதே."

அப்பாவின் வாயோரம் கோணியது. அது சிரிப்புதான்.

"பார்த்துட்டான்! பிடிச்சிட்டான்ப்பா, விடல! ஊசி மாதிரி விஷத்தை இறக்குறான். பய உப்புறான்..."

போர்வைக்குள்ளிருந்து அப்பாவின் வலது கை மேலே வந்தது. மைதானத்தில் நீட்டுவதுபோல் நேராக நீண்டது. சுட்டுவிரல் வாசலைக் காட்டியது.

"வெடிச்சிருச்சு! அவுட்டுப்பா, அவன் அவுட்டு!"

'ம்' வரவில்லை.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். கை மெல்லத் தாழ்ந்தது. அம்மா அதை விழவிடாமல் மணிக்கட்டில் பிடித்து, விரல் வாசலைக் காட்டியபடியே இருக்க, வெகுநேரம் தாங்கிக்கொண்டு நின்றாள்.